தனக்குத் தானே சொல்லும் சொல்

(ஆசிரியர் – பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



கஷ்டமான நேரத்தில் பிள்ளைகள் தமக்குத் தாமே என்ன சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்டவுடனே விடையும் உங்கள் மனத்தில் வந்திருக்கும். ‘என்னால் முடியும்.’ பள்ளிக்கூடச் சுவர்களில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறோம். பொதுத்தேர்வுக்கு முன்னால் அழைத்து வருகிற பேச்சாளரும் அதைத்தான் பிள்ளைகளை உரக்கச் சொல்லச் சொல்கிறார். நம் தலைமுறைக்கு இது பழகிய பாடம். எம்.எஸ்.உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ நூலைப் படித்து நிமிர்ந்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். 1988இல் கே.பாலசந்தர் ‘உன்னால் முடியும் தம்பி’ என்று படமே எடுத்தார். அதில் கமல்ஹாசன் ஏற்ற பாத்திரத்தின் பெயர் உதயமூர்த்தி. அந்த எழுத்தாளரை மனத்தில் வைத்து இட்ட பெயர் அது.

அந்த எழுத்து பல இளைஞர்களை எழுந்து நிற்க வைத்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்றைக்கு நான் கேட்க வந்திருப்பது சின்னக் கேள்வி. கணக்கு நோட்டைத் திறந்தவுடனே கண்ணில் நீர் கட்டிக்கொள்ளும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இருக்கிறது. ‘நான் கெட்டிக்காரி, என்னால் முடியும்’ என்று அந்தப் பிள்ளை நாள்தோறும் பத்து முறை சொன்னால் கணக்கு வந்துவிடுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன்னைப் பற்றிய புகழ்ச்சி, அதை ஏற்கெனவே நம்புகிற பிள்ளைக்குத்தான் இனிக்கும். நம்பாத பிள்ளைக்கு வேண்டியது வேலையைப் பற்றிய சொல். இப்போது என்ன செய்ய வேண்டும், அதற்கு நான் எவ்வளவு முயலப் போகிறேன் என்ற சொல். அதைப் பிள்ளை பெரும்பாலும் நம் வாயிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

முணுமுணுப்பு எதற்காக?

நாம் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே பிள்ளைகள் தமக்குத் தாமே பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தை சொப்பு வைத்து விளையாடுவதைப் பாருங்கள். “இது இங்க… இல்ல இல்ல, இது அங்க… மூடி எங்க?” என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். கேட்பதற்கு ஆள் வேண்டும் என்பதே இல்லை.

சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே 1923இல் வெளியிட்ட நூலில் இந்தப் பேச்சைப் பற்றி எழுதினார். பிறர் நிலையிலிருந்து பார்க்கத் தெரியாத வயதின் அடையாளம் இது, வயது ஏற ஏற மறைந்துவிடும் என்பது அவர் கருத்து. ரஷ்யாவில் லெவ் விகோட்ஸ்கி இதை மறுத்தார். காசநோயால் 37 வயதிலேயே இறந்துபோன மனிதர் அவர். 1934இல், அவர் இறந்த ஆண்டிலேயே, சிந்தனையையும் பேச்சையும் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது.

விகோட்ஸ்கியும் அவரோடு வேலை செய்தவர்களும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். படம் வரைய உட்கார்ந்த குழந்தைக்குத் தேவையான வண்ணப் பென்சில் கிடைக்காதபடி செய்தார்கள். வேலை தடைப்பட்டதும் குழந்தையின் தனிப்பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. சிக்கல் வந்தபோதுதான் பேச்சு கூடியது என்றால், அந்தப் பேச்சு வெறும் பழக்கம் ஆகாது. சிக்கலை அவிழ்க்கக் குழந்தை அதைக் கருவியாக எடுக்கிறது என்றார் அவர்.

அவர் எழுதிவைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஐந்தரை வயதுக் குழந்தை டிராம் வண்டி வரைந்துகொண்டிருந்தது. சக்கரத்தை அழுத்தி வரைந்ததில் பென்சில் முனை உடைந்துவிட்டது. ‘உடைஞ்சிடுச்சு’ என்று தனக்குள் சொன்ன குழந்தை, பென்சிலை வைத்துவிட்டு வண்ணத்தையும் தூரிகையையும் எடுத்தது. விபத்தில் உடைந்த டிராம் வண்டியாக அந்தப் படத்தை மாற்றி வரைந்து முடித்தது. தானே சொன்ன ஒரு சொல், வேலையையே வேறு பாதைக்குத் திருப்பிவிட்டது.

இந்தப் பேச்சு வயது ஏறும்போது அழிந்துபோவதில்லை, உள்ளே இறங்கிவிடுகிறது என்றார் விகோட்ஸ்கி. முதலில் உரக்க, பிறகு முணுமுணுப்பாக, பிறகு உதடு மட்டும் அசைய, கடைசியில் ஓசையே இல்லாமல். பிற்காலத்தில் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அவர் பக்கமே நின்றன.

ஆகவே ஒன்றாம் இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணக்குப் போடும்போது தனக்குள் முணுமுணுக்கிற பிள்ளையை ‘வாயை மூடிக்கொண்டு செய்’ என்று அதட்டாதீர்கள். அது அரட்டையாக இருந்தால் நிறுத்துங்கள். ‘பதினாலுல ஆறு போனா…’ என்று இருந்தால், அந்தப் பிள்ளை சிந்தித்துக்கொண்டிருக்கிறது.

உள்ளே ஒலிக்கும் குரல் யாருடையது?

உள்ளே இறங்குகிற பேச்சு வெளியிலிருந்து வந்தது என்றால், அதில் நம் குரலும் கலந்திருக்கிறது. கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர், “பாப்பா எப்படிப் படிக்கிறா?” என்று கேட்கிறார். நாம் பக்கத்தில் நிற்கிற பிள்ளையை வைத்துக்கொண்டே, “மத்ததெல்லாம் பரவாயில்லை. கணக்குதான் மண்டையில ஏறாது. என்னை மாதிரியே” என்று சிரித்துக்கொண்டு சொல்கிறோம். நமக்கு அது பேச்சுவாக்கில் போனது. பிள்ளைக்கு அது தீர்ப்பு. நாளைக்குப் பரீட்சை அறையில் முதல் கேள்வி தடுக்கும்போது உள்ளே எழுகிற குரல் நாம் சொன்ன அதே வாக்கியத்தைத்தான் சொல்லும்.

இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவில் சியான் பைலாக்கும் அவருடைய குழுவினரும் ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பெண் ஆசிரியர்கள் 17 பேரின் வகுப்புகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். கணக்கு என்றாலே அஞ்சுகிற ஆசிரியையின் வகுப்பில், ஆண்டுத் தொடக்கத்தில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஆண்டு முடிவில், ‘கணக்கு பையன்களுக்கு, வாசிப்பு பெண்களுக்கு’ என்ற எண்ணம் அந்த வகுப்புப் பெண் பிள்ளைகளிடம் கூடியிருந்தது. அப்படி நம்பத் தொடங்கிய பெண் பிள்ளைகளின் கணக்கும் பின்தங்கியிருந்தது. ஆசிரியையின் பயம் பெண் பிள்ளைகளின் நம்பிக்கையைத் தொட்டுவிட்டது.

அதே வட்டத்தைச் சேர்ந்தவர்கள் 2015இல் பெற்றோரைப் பார்த்தார்கள். கணக்கைக் கண்டு பதறுகிற அப்பா அம்மா, வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவி செய்த வீடுகளில், பிள்ளை அந்த ஆண்டு கற்ற கணக்கு குறைவாக இருந்தது. உதவுவதே தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. உதவும்போது நாம் விடுகிற பெருமூச்சும் அந்த உதவியோடு சேர்ந்தே போகிறது.

புகழ்ச்சி ஏன் எடுபடுவதில்லை?

‘நாளுக்கு நாள் எல்லா வகையிலும் நான் நலமடைந்து வருகிறேன்’ என்ற கருத்தில் ஒரு வாக்கியத்தைத் தினமும் சொல்லும்படி மக்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் எமில் குவே. பிரான்ஸ் நாட்டு மருந்தாளர், 1926இல் காலமானவர். இன்றைய தன்முன்னேற்றப் பேச்சுகளுக்கு அவரும் ஒரு மூதாதை. இப்படிப்பட்ட வாக்கியங்கள் எல்லோருக்கும் பலன் தருகின்றனவா என்று கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளர் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்.

‘நான் அன்புக்குரியவன்’ என்ற பொருள்பட ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். தன்மதிப்பு மிகுந்தவர்களுக்குச் சிறிது தெம்பு வந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களோ அதைச் சொன்ன பிறகு, சொல்லாமல் இருந்தவர்களைவிடச் சோர்ந்து போனார்கள். யாருக்கு மருந்து தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். மனம் நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது, மனம் உள்ளிருந்து எதிர்வாதம் செய்கிறது. ‘நான் கெட்டிக்காரன்’ என்று ஒரு முறை சொன்னால், ‘போன பரீட்சையில் எவ்வளவு வாங்கினாய்?’ என்று அது திருப்பிக் கேட்கிறது. இன்னொரு சோதனையில், அந்த வாக்கியம் எந்த வகையில் உண்மை, எந்த வகையில் உண்மையில்லை என்று இரண்டையும் எண்ணிப் பார்க்க விட்டபோது தன்மதிப்பு குறைந்தவர்களின் மனநிலை அவ்வளவு கெடவில்லை. உண்மையைப் பேச இடம் கொடுத்தால் மனம் சண்டை போடுவதில்லை.

வுட் சோதித்தது கல்லூரி வயதினரை. பிள்ளைகளிடம் இது எப்படி என்பதற்கு நெதர்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. இன்றைய பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

சாண்டர் தோமாஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 9 முதல் 13 வயது வரையுள்ள 212 பிள்ளைகளுக்குக் கணக்குத் தேர்வு வைத்தார்கள். ஆய்வு 2019இல் வெளியானது. பாதித் தேர்வு முடிந்ததும் நிறுத்தி, பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு, ‘என்னால் முடிந்த அளவு முயல்வேன்’ என்று தனக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். இன்னொரு பிரிவு, ‘நான் இதில் கெட்டிக்காரன்’ என்று சொல்லிக்கொள்ள வேண்டும். மூன்றாவது பிரிவு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு மீதித் தேர்வு.

தனக்குக் கணக்கு வராது என்று நினைத்திருந்த பிள்ளைகளில், முயற்சியைச் சொல்லிக்கொண்டவர்கள் இரண்டாம் பாதியில் நன்றாகச் செய்தார்கள். திறமையைச் சொல்லிக்கொண்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இதில் மாயம் எதுவும் இல்லை. ‘கெட்டிக்காரன்’ என்பதை அடுத்த கணக்கே பொய்யாக்கிவிட முடியும். ‘முயல்வேன்’ என்பதை எந்தக் கணக்காலும் பொய்யாக்க முடியாது. அது பிள்ளையின் கையில் இருக்கிறது.

நாம் அள்ளிக் கொட்டுகிற பாராட்டுக்கும் இது பொருந்தும். அதே நாட்டில் எடி பிரம்மல்மன் என்பவர் 8 முதல் 12 வயதுள்ள 240 பிள்ளைகளை வான்கோவின் ஓவியம் ஒன்றைப் பார்த்து வரையச் சொன்னார். வரைந்து முடித்ததும், ஓவியர் ஒருவர் எழுதியதாகச் சீட்டு வந்தது. சிலருக்கு ‘அழகான படம்’ என்று, சிலருக்கு ‘நம்பவே முடியாத அளவு அழகான படம்’ என்று. அடுத்து வரைய எளிதான படங்களும் கடினமான படங்களும் வைக்கப்பட்டன. மிகைப்பாராட்டு பெற்றவர்களில் தன்மதிப்பு குறைந்த பிள்ளைகள் எளிதானதையே தேர்ந்தெடுத்தார்கள். உச்சத்தில் தூக்கி வைத்துவிட்டால், இறங்கிவிடுவோமோ என்ற அச்சம் வந்துவிடுகிறது. ‘சூப்பர், சூப்பர்’ என்று சொல்லாமல் ஒரு நாளும் போகாத இந்தக் காலத்தில் நாம் யோசிக்க வேண்டிய செய்தி இது.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

1971இல் டொனால்ட் மைக்கன்பாம், ஜோசப் குட்மன் என்ற இருவரும் ஒரு முறையை வெளியிட்டார்கள். யோசிக்காமல் அவசரப்பட்டுத் தவறு செய்கிற இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறை. ஐந்து படிகள். முதலில் பெரியவர் உரக்கப் பேசிக்கொண்டே வேலையைச் செய்து காட்டுவார். அடுத்து, பெரியவர் சொல்லச் சொல்லப் பிள்ளை செய்யும். மூன்றாவது, பிள்ளையே உரக்கச் சொல்லிக்கொண்டு செய்யும். நான்காவது, முணுமுணுத்துக்கொண்டு. ஐந்தாவது, மனத்துக்குள். விகோட்ஸ்கி சொன்ன அதே வழியில் பேச்சு வெளியிலிருந்து உள்ளே போகிறது.

உதாரணத்துக்கு 52இலிருந்து 28ஐக் கழிக்க வேண்டும். அம்மா உரக்கச் சொல்கிறார்: “முதல்ல என்ன கேட்டிருக்காங்கன்னு பாக்கறேன். கழித்தல். ஒன்றாம் இடத்துல ஆரம்பிக்கணும். ரெண்டுல எட்டு போகாது. அவசரப்பட்டு எட்டுல ரெண்டைக் கழிச்சிடக் கூடாது. பக்கத்துல அஞ்சுகிட்ட ஒண்ணு கடன் வாங்கறேன். இப்ப பன்னிரண்டு. பன்னிரண்டுல எட்டு போனா நாலு. அடுத்து அஞ்சுல ரெண்டு போனா மூணு… அடடா, அஞ்சு இல்லை, கடன் கொடுத்தது போக நாலுதான். பரவாயில்லை, அழிச்சிட்டுப் போடலாம். நாலுல ரெண்டு போனா ரெண்டு. விடை இருபத்து நாலு. சரிதானான்னு ஒரு தடவை கூட்டிப் பாக்கறேன்.”

நடுவில் ஒரு தவறு வந்தது, கவனித்தீர்களா? அந்த ஆய்வாளர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். தவறு செய்து காட்டி, தவறினால் மனத்துக்குள் என்ன சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துக் காட்டினார்கள். தப்பே செய்யாத பெரியவரைப் பார்த்து வளரும் பிள்ளைக்குத் தப்பு செய்தால் அடுத்து என்ன என்று தெரியாது. ‘அடடா, பரவாயில்லை, அழித்துவிட்டுப் போடலாம்’ என்ற சொல்லைப் பிள்ளை நம்மிடம் கேட்டிருக்க வேண்டும். கணக்கில்தான் என்று இல்லை. தோசை பிய்ந்துபோனாலும், வண்டிச் சாவி தொலைந்தாலும், “ஐயோ, என் தலையெழுத்து” என்று சொல்வதற்குப் பதிலாக, “சரி, கடைசியா எங்க வெச்சேன்னு யோசிக்கிறேன்” என்று உரக்கச் சொல்லுங்கள். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது.

சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறோம், பிறகு ஒரு கட்டத்தில் கையை விட்டுவிடுகிறோம். இந்தப் பயிற்சியிலும் கையை விடும் கட்டம் முக்கியம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தால், உள்ளே குரல் வளராது.

தன்னைத் தானே அழைத்தல்

இன்னொரு வழி பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 4 வயதும் 6 வயதும் ஆன 180 குழந்தைகளுக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்றைப் பத்து நிமிடம் செய்யக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே விளையாட்டுள்ள ஐபேட். அலுத்துப் போனால் அதற்குப் போகலாம். ஒரு பிரிவினர், ‘நான் நன்றாக வேலை செய்கிறேனா?’ என்று தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாம் பிரிவினர் தம் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாம் பிரிவினர் பேட்மேன் போன்ற தமக்குப் பிடித்த பாத்திரமாக வேடம் போட்டுக்கொண்டு, ‘பேட்மேன் நன்றாக வேலை செய்கிறானா?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வேலையில் அதிக நேரம் நின்றவர்கள் பேட்மேன்கள். அடுத்து, தம் பெயரைச் சொன்னவர்கள். ‘நான்’ என்று கேட்டவர்கள் கடைசி.

இந்த ஆய்வில் பங்குகொண்ட ஈதன் கிராஸ் 2014இல் பெரியவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார். மேடையில் பேசுவதற்கு முன் தன் பெயரைச் சொல்லியோ ‘நீ’ என்றோ தன்னிடம் பேசிக்கொண்டவர்கள், ‘நான்’ என்று எண்ணிக் குமைந்தவர்களைவிடப் பதற்றம் குறைந்து நன்றாகப் பேசினார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாம் நிதானமாக யோசனை சொல்வோம், நம் பிள்ளை என்றால் பதறுவோம். தன்னையே கொஞ்சம் தள்ளி நிறுத்திப் பார்த்தால் அந்த நிதானம் தனக்கும் கிடைக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. திருக்குறளின் 125ஆம் அதிகாரம் ‘நெஞ்சொடு கிளத்தல்’. துன்பத்தில் இருக்கும் தலைவி தன் நெஞ்சையே தோழியைப் போல எதிரில் நிறுத்திப் பேசுகிறாள். 130ஆம் அதிகாரம் ‘நெஞ்சொடு புலத்தல்’. அங்கே அதே நெஞ்சோடு சண்டை போடுகிறாள். ஆழ்வார்களும் பிற்காலச் சித்தர்களும் ‘நெஞ்சே’, ‘மனமே’ என்று விளித்துப் பாடியிருக்கிறார்கள். அந்த மரபைப் பேச்சுப்போட்டி மேடை ஓரத்தில் கை நடுங்க நிற்கிற நம் பிள்ளைக்கும் கொடுக்கலாம். “கவிதா, மூச்சை இழுத்து விடு. முதல் வரி உனக்குத் தெரியும். அதை மெதுவாச் சொல்லு” என்று தன்னையே கூப்பிட்டுப் பேசச் சொல்லலாம். பயம் போய்விடும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். பயத்தோடே முதல் வரியைச் சொல்லிவிட முடியும் என்று சொன்னால் போதும்.

மதிப்பெண் குறைந்த நாள்

முயல்வதற்கு முன் சொல்லும் சொல்லைவிட, தோற்ற பிறகு சொல்லும் சொல் கடினமானது. ஒரு பையன் அரையாண்டுத் தேர்வுத் தாளோடு வீட்டுக்கு வருகிறான். நூற்றுக்கு 31.

“அம்மா, நான் மக்கும்மா. எனக்கெல்லாம் கணக்கு வராது.”

நம் வாயில் உடனே வருவது இரண்டில் ஒன்று. “அப்படிச் சொல்லாதடா, நீ என் சிங்கக்குட்டி.” இல்லையென்றால், “எந்நேரமும் போனைப் பாத்துக்கிட்டிருந்தா எப்படி வரும்?” முதலாவதை அவன் நம்பப் போவதில்லை. இரண்டாவது அவன் தீர்ப்பை உறுதி செய்கிறது. இப்படிப் பேசிப் பாருங்கள்:

“மார்க்கைப் பாத்தா கஷ்டமாத்தான் இருக்கும் கண்ணு. கை கால் கழுவிட்டு முதல்ல சாப்பிடு.”

சாப்பிட்ட பிறகு:

“பேப்பரை எடு. எதுல மார்க் போயிருக்குன்னு பாப்போம்.”

“கூட்டல், பெருக்கல் எல்லாம் சரிம்மா. பின்னத்துலதான் நிறைய தப்பு.”

“பின்னத்துல எது?”

“கீழ ஒரே நம்பர் இருந்தா தெரியும். வேற வேற நம்பர் இருந்தா கூட்டத் தெரியல.”

“சரி, நாளைக்கு டீச்சர்கிட்ட என்னன்னு கேப்ப?”

“டீச்சர், பகுதி வேற வேறயா இருந்தா எப்படிக் கூட்டணும்னு இன்னொரு தடவை சொல்லிக் குடுங்கன்னு கேக்கறேன்.”

‘கணக்கு வராது’ என்று தொடங்கியவன், ‘பகுதி வேறாக இருக்கும் பின்னங்களைக் கூட்ட இன்னும் கற்கவில்லை’ என்று முடித்திருக்கிறான். அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னதும் இதைத்தான். தோல்வி வரும்போது, இது என்றைக்கும் இப்படித்தான், எல்லாவற்றிலும் இப்படித்தான், குற்றம் முழுவதும் என்னிடம்தான் என்று விளக்கம் சொல்லிக்கொள்பவர்கள் எளிதில் சோர்ந்து விடுகிறார்கள். அம்மா செய்தது, தோல்வியின் எல்லையைப் பிள்ளையே அளந்து பார்க்கும்படி விட்டது. மதிப்பெண்ணை மறைக்கவில்லை, மிகையாகத் தேற்றவும் இல்லை.

இங்கே வள்ளுவர் அதிகாரங்களை வைத்த வரிசையையும் நினைத்துப் பார்க்கலாம். 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை, விடாமுயற்சி. அடுத்ததாகவே 63ஆம் அதிகாரம் இடுக்கண் அழியாமை. முயல்கிறவனுக்குத் தடை வராது என்று அவர் சொல்லவில்லை. முயற்சியைப் பற்றிப் பேசிய கையோடு, துன்பம் வந்தால் கலங்காமல் நிற்பதைப் பற்றியும் பேசுகிறார்.

சொல்லால் தீராதவை

இவ்வளவும் சொன்ன பிறகு, ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நல்ல சொல் எல்லாவற்றையும் சரிசெய்யாது.

கரும்பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளைக்குத் தேவை கண்ணாடி. எழுத்துகள் குழம்புகிற டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குத் தேவை அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர். ‘முயற்சி போதாது’ என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வது கொடுமை. அது ஏற்கெனவே மற்றவர்களைவிட இரண்டு மடங்கு முயன்றுகொண்டிருக்கும். வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைக்குத் தேவை சாப்பாடு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், எந்தத் தன்னம்பிக்கை உரையைவிடவும் பல பிள்ளைகளை முதல் பாடவேளையில் நிமிர்ந்து உட்கார வைத்திருக்கும்.

சாதியைச் சொல்லியோ நிறத்தைச் சொல்லியோ வகுப்பில் அவமானப்படுத்தப்படும் பிள்ளையிடம், ‘நல்லதையே நினை, எல்லாம் சரியாகும்’ என்று சொல்லாதீர்கள். அங்கே திருத்த வேண்டியது பிள்ளையின் எண்ணத்தை இல்லை. அவமானப்படுத்துகிறவரைத் தடுப்பது பெரியவர்களான நம் வேலை. அந்த வேலையைப் பிள்ளையின் மனவலிமையின் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.

பிள்ளை ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற பொருளில் பேசினால், அல்லது வாரக்கணக்கில் தூக்கமும் விளையாட்டும் மறந்து ஒடுங்கிக் கிடந்தால், வீட்டு வைத்தியமாக வாக்கியம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். தேர்வு முடிவு வருகிற நாளில் தேட வேண்டியிருக்கக் கூடாது.

வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியது

நிறைவாக, உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

ஒரு வாரம் உங்கள் பிள்ளை கஷ்டப்படும்போது என்ன சொல்லிக்கொள்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். திருத்த வேண்டாம், கேட்க மட்டும் செய்யுங்கள். அதில் உங்கள் வாக்கியம் எது, ஆசிரியரின் வாக்கியம் எது என்று உங்களுக்கே தெரியும்.

பிறகு, பிள்ளையோடு உட்கார்ந்து, அதற்கு அடிக்கடி தடுக்குகிற ஒரே ஓர் இடத்துக்கு ஒரு வாக்கியம் தேடுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், அது தன் வாயில் சொல்லட்டும். ‘கேள்வியை ரெண்டு தடவை படி’, ‘தெரிஞ்சதை முதல்ல எழுது’, ‘தப்பாப் போனா அழிச்சுக்கலாம்’ என்ற மாதிரி சின்னதாக, உண்மையாக, செய்யக் கூடியதாக இருக்கட்டும். அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஜாமெட்ரி பாக்ஸில் வைக்கட்டும். மனப்பாடமானதும் தாளைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. மதிப்பெண் அட்டையில் ‘கவனம் தேவை’ என்று எழுதுகிற இடத்தில், எதில் கவனம் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை அடுத்த மூன்று மாதம் தன்னிடம் பேசிக்கொள்ளும்.

சொந்தக்காரர் முன்னால், பக்கத்து வீட்டுக்காரர் முன்னால், நம் பிள்ளையைப் பற்றி ‘இவனுக்கு இது வராது’ என்று இனி ஒரு முறையும் சொல்வதில்லை என்று இன்றைக்கு இங்கேயே முடிவு செய்துகொண்டு எழுந்திருங்கள். செலவில்லாத காரியம் அது. மற்றதெல்லாம் பிறகு கற்றுக்கொள்ளலாம்.